மிஷின் தாண்டுற வரைக்கும் பேசணும்

உக்காருங்க சார். ஜெபஷைனி மேடம் குழிக்குள்ளே இறங்கியிருக்காங்க. இறங்கினா சீக்கிரம் மேலே வரமாட்டாங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி சிமெண்ட் மூட்டை மேலே உக்காருங்க, பேண்ட்டைத் தட்டிவிட்டாப் போயிடும்.

எந்தத் தெரு நீங்க? கால்வாய்க்கு அந்தப் பக்கமா? அப்போ சுரங்கம் தோண்டுற மிஷின் அடுத்து உங்க வீட்டுக்குக் கீழேதான் வரப் போகுது. அதைக் கேக்கத்தானே வந்தீங்க? தாராளமாக் கேளுங்க. பாதாளச் சாக்கடைச் சுரங்கத்தைப் பத்தி எது வேணும்னாலும் என்னைத்தான் கேக்கணும். வெளியே போர்டு பாத்தீங்கல்ல, 'மக்கள் தகவல் மையம்'னு? மையம்ங்கிறது நாம உக்காந்திருக்கிற இந்த இரும்புப் பொட்டி. தகவல்ங்கிறது நான்.

பேரு தணிகாசலம். மைக் தணிகாசலம்னு சொன்னாத்தான் தெரியும். அந்தக் காலத்துல ரிக்‌ஷாவுல ஹாரனைக் கட்டிக்கிட்டு நான் போகாத தெரு வடசென்னையில கிடையாது. கொட்டகையில படம் மாத்தினா நான். சலூன் திறந்தா நான். ஜவுளிக் கடைத் தள்ளுபடி நான். எந்தக் கட்சிக் கூட்டமா இருந்தாலும் நான். காணாமப் போன ஒரு பிள்ளைக்காக நான் அறிவிச்சா, காணாமப் போகாத பிள்ளைங்களும் சேர்ந்து வந்து நிக்கும். ஒரு தடவை பாரிமுனையில நின்னு 'அன்பார்ந்த பெரியோர்களே'ன்னு ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, ஹார்பரை விட்டுக் கிளம்பின கப்பல் திரும்பி வந்துடுச்சு. பெரியோர்னு தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு கேப்டன் நினைச்சுட்டாராம். எனக்குப் பொய் சொல்றது பிடிக்காது சார். அதனாலதான் கப்பல் பேரைச் சொல்லலை, மறந்துபோச்சு.

அப்புறம் என்ன, ரெக்கார்டிங் வந்துச்சு. ஒரு பொண்ணு எங்கேயோ ஒரு அறைக்குள்ள உக்காந்து ஒரு தடவை பேசினா, அதையே ஊர் பூரா ஓட விடறாங்க. நான் வீட்டோட உக்காந்துட்டேன். மருமக நல்ல பொண்ணுதான். ஆனா நான் 'அது என்னாச்சுன்னா'ன்னு ஆரம்பிச்சா மிக்ஸியைப் போட்டுடும். மகன் காதுல எதையாவது மாட்டிக்குவான். நாள் பூரா பேசாம இருந்து பாத்திருக்கீங்களா? இருந்து பாருங்க. நாக்குல ஒட்டடை படியும்.

அப்பத்தான் ஒரு நாள் மகன் வீட்டுலேர்ந்து காலாற நடந்து இந்தப் பக்கம் வந்தேன். சின்னக்கண்ணு மேஸ்திரி தெருன்னு, இதோ இதே தெருதான், அப்போ எனக்குப் புதுசு. அம்மன் கோயில் வாசல்ல ஷாமியானா. மைக் சத்தம். மைக் சத்தம் கேட்டா என் காலு என்னைக் கேக்காமப் போயிடும்.

அங்கே நம்ம மேடம் நிக்கிறாங்க. நாகர்கோவில் பொண்ணு, இன்ஜினியர், தலையில மஞ்சத் தொப்பி. கையில ஒரு பேப்பர். 'பெரும் விட்டமுள்ள நிலத்தடிக் கழிவுநீர்ப் பிரதானச் சுரங்கம் அமைக்கும் பொருட்டு'ன்னு படிக்கிறாங்க. கோணி மண்டி ஜோதின்னு ஒருத்தன், சாக்கு வியாபாரம், வாய்க் கொழுப்பு ஜாஸ்தி. எழுந்து நின்னான்.

"பொருட்டு இருக்கட்டும்மா. எங்க வீடு இருக்குமா?"

ஒரே சிரிப்பு, ஒரே கூச்சல். "ஊர் கக்கூஸ் எல்லாம் எங்க தலைக்குக் கீழே போகணுமா?"ன்னு ஒரு அம்மா. "தலைக்கு இல்லம்மா, உங்க அஸ்திவாரத்துக்கும் ரொம்பக் கீழேதான்"னு மேடம் சொல்லுது, யாரு கேக்கிறா? அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு தாங்கலை. பொண்ணுக்காகவும்தான். முக்கியமா அந்த மைக்குக்காக. நல்ல மைக் சார் அது, வீணாப் போய்க்கிட்டு இருந்துச்சு.

போய் வாங்கிக்கிட்டேன். "அன்பார்ந்த பெரியோர்களே! மழைக்காலத்துல உங்க வாசல்ல நிக்கிறது என்ன? தண்ணின்னு கண்ணு சொல்லும். மூக்கு என்ன சொல்லும்?"

ஜோதியே உக்காந்துட்டான். விட்டேனா?

"அதைக் கொண்டுபோகத்தான் கீழே ஒருத்தி வரப் போறா. மிஷின்னு நினைச்சுக்காதீங்க. சுத்த சைவமான ஒரு யானை! மண்ணைத் தவிர வேற எதையும் தொடமாட்டா. முன்பக்கம் மண்ணைத் தின்னுக்கிட்டே போவா, பின்பக்கம் கான்கிரீட் வளையல் மாட்டிக்கிட்டே போவா. அந்த வளையல்தான் சுரங்கம்!"

"யானை எங்கேயாவது வளையல் போடுமா?"ன்னு ஒரு கிழவி கேட்டுச்சு.

"உங்க தெருவுக்கு வர்றவ வெறுங்கையோடவா வருவா?"

கைதட்டல் சார்! ஷாமியானா துணி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அத்தனை சத்தத்துக்கும் மேலே பின்னாலிருந்து ஒரு குரல் வந்துச்சு. மைக் இல்லாம. "யானைக்கும் மிஷினுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைப் பேச விட்டா, நாளைக்கு என் மில்லைக் குதிரைம்பான். மைக்கைப் பிடுங்குங்கய்யா!"

மாவு மில் ஆண்டாளம்மா. தெருக் கடைசியில மில். வாழ்க்கை பூரா மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசின குரல் அது. உருண்டையான அம்மா, புருவத்துல எப்பவும் மாவு. அந்தம்மா வாயில பொய்யே வராதுன்னு தெருவே சொல்லும். நானும் அன்னைக்கே நம்பிட்டேன். ஏன்னா என்னைப் பாத்த உடனே திட்டிடுச்சு.

மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "தாத்தா, நாளைலேர்ந்து வாறீங்களா? ஆட்டோ தரேன், மைக் தரேன். ஆனா நான் எழுதித் தாறதை மட்டும்தான் சொல்லணும், என்ன?"

சரின்னேன். எழுதிக் கொடுத்தது அத்தனையும் சொன்னேன் சார், ஒரு எழுத்து விடலை. அவங்க எழுதாம விட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

'நாளை காலை லேசான அதிர்வு உணரப்படலாம், அச்சம் தேவையில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. சொன்னேன். அதோட, "அது நம்மாளு செருமுற சத்தம். பெரிய மனுஷங்க ஒரு வீட்டுப் பக்கம் வர்றப்போ செருமிட்டுத்தானே வருவாங்க?"ன்னும் சொன்னேன். மறுநாள் காலையில போய்ப் பாக்கிறேன், வீட்டுக்கு வீடு தரையில சொம்புத் தண்ணியை வச்சுக்கிட்டு சுத்தி உக்காந்திருக்காங்க. தண்ணி லேசா நடுங்கிச்சாம். ஒரு வீட்டுல பெரியவர் எழுந்து துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு "வாங்க, வாங்க"ன்னு தரையைப் பாத்துச் சொன்னாராம். அச்சம் போச்சா இல்லையா? அதுதானே மேடம் கேட்டது?

அடுத்தது, 'தோண்டிய மண் லாரிகளில் ஏற்றப்படும், பொதுமக்கள் மாற்றுப் பாதையில் செல்லவும்'. அதையும் சொன்னேன். ஆனா வெறும் மண்ணுன்னா யாருக்கு மதிப்பு வரும்? அதனால, "இது சாதாரண மண்ணில்லை, உள்ளே பழைய மெட்ராஸே புதைஞ்சு கிடக்குது. நேத்து ஒரு டிராம் வண்டி மணி வந்துச்சு. முந்தாநாள் ஒரு வெள்ளைக்காரத் துரையோட பல்செட் வந்துச்சு, இன்னும் சிரிச்சபடியே இருக்குது"ன்னேன். அவ்வளவுதான். சல்லடை, முறம், வடிகட்டின்னு தூக்கிக்கிட்டுத் தெருவே லாரியைச் சுத்தி நின்னுக்கிச்சு. ஜோதிக்கு ஒரு உடைஞ்ச பீங்கான் காது கிடைச்சுது. கவர்னர் வீட்டு டீ கப்புன்னு சந்தனம் குங்குமம் வச்சு மண்டியில மாட்டியிருக்கான். போய்ப் பாருங்க.

மேடம் ஓடி வந்தாங்க. "தாத்தா! ஆளுகள மாத்துப் பாதையில போகச் சொல்லச் சொன்னா, ஊரையே லாரிகிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"வந்த அத்தனை பேருக்கும் மாத்துப் பாதை எதுன்னு தெரிஞ்சிருக்குதே மேடம். கேட்டுப் பாருங்க."

கேக்கலை. இனிமே உண்மையை மட்டும் சொல்லுங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. ஒரு நாள் அதையும் செஞ்சு பாத்தேன். பேப்பர்ல இருந்ததை அப்படியே படிச்சுக்கிட்டே போனேன். ஒரு கதவு திறக்கலை சார். அயர்ன் வண்டிக்காரர் மட்டும் பெட்டியை நிறுத்திட்டு, "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லையா?"ன்னாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். டீ சொல்லட்டுமா? சரி, வேணாம்.

இந்தத் தெருவோட கடைசியில பழைய சுண்ணாம்புக் கட்டடங்க ஒரு வரிசை இருக்குது. மிஷின் அதுங்களுக்குக் கீழே போற அன்னைக்கு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், உள்ளே ஒரு ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டம். கரண்ட்டையும் நிறுத்திடுவாங்க. பக்கத்துக் கல்யாண மண்டபத்தைப் பிடிச்சு, ஜெனரேட்டர், ஃபேன், சாம்பார் சாதம் எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. நான் போய் அறிவிக்கிறேன், ஒருத்தர் கூட வரமாட்டேங்கிறாங்க. பயமா? பயம் எங்கே சார் இருக்குது, அதைத்தான் நான் எடுத்துட்டேனே. வேடிக்கை பாக்கணுமாம்!

"இத்தனை நாளா வர்றா வர்றான்னு சொல்லிட்டு, வாசலுக்கு வர்ற அன்னைக்கு எங்களை மண்டபத்துக்குப் போகச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"ன்னு ஜோதி கேக்கிறான். அரக்கோணத்துலேர்ந்து சொந்தக்காரங்களை வேற வரவழைச்சிருக்கான். வீட்டுக்கு வீடு தரையைக் கழுவிக் கோலம் போட்டாச்சு.

மேடம் முகம் வெளுத்துப் போச்சு. "தாத்தா, மேலேயிருந்து கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு ஆள் உள்ளே இருந்தாலும் மிஷினை நிறுத்தணும். அந்தக் களிமண்ணுல நின்னுச்சுன்னா சிக்கிரும். அப்புறம் வேலை கெட்டுச்சு. போலீஸைக் கூப்பிட்டு இழுத்துப் போட எனக்கு மனசில்ல. ஆனா இது நடக்கலைன்னா தகவல் மையத்தை மூடிருவாங்க. மைக்கையும் எடுத்துருவாங்க."

மிஷின் சிக்கும்ங்கிறது என் காதுல சரியா விழலை சார். மைக்கை எடுத்துடுவாங்கங்கிறது விழுந்துச்சு. மறுபடியும் அந்த வீடு, அந்த நாற்காலி.

வீடு வீடா நேர்லயே போய்ப் பேசிடலாம்னு மேடம் என்னைக் கூட்டிக்கிட்டு முதல்ல மாவு மில்லுக்குத்தான் போனாங்க. ஆண்டாளம்மாவுக்கு வீடும் அதுதான், மில்லும் அதுதான். அது ஆடி மாசம். கோயில்ல அந்த ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தணும். கூரை வரைக்கும் கேழ்வரகு மூட்டை. ஆண்டாளம்மா மில்லை நிறுத்தாமலே பேசிச்சு.

"கரண்ட்டை நிறுத்துவே, மில்லை நிறுத்துவே. அம்மன் கூழை நிறுத்துவாளா?"

"சாயங்காலம் கரண்ட் வந்துரும்மா. ஒரு பகல்தானே?"ன்னு மேடம்.

"பொண்ணே, நான் பொறந்ததுலேர்ந்து மிஷினோட குடும்பம் நடத்துறவ. கீழே ஒரு மிஷின் வருதுன்னு நான் ஓடினா என் மில்லே என்னைப் பாத்துச் சிரிக்கும். கரண்ட் இல்லேன்னா புடைச்சு வைக்கிறேன். சல்லடை போடறேன். எனக்கா வேலை இல்லை?" அப்புறம் என்னைப் பாத்துச்சு. "இந்தாளு என்னைக்காவது உண்மையா ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கு எழுந்து வரேன்."

நான் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். அங்கே ஒரு போட்டோ. பெரிய மீசை வச்ச மனுஷன், மாலை போட்டு, பொட்டு வச்சிருந்துச்சு. ஓஹோ, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரான்னு மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன். எது எப்போ உதவும்னு யாருக்குத் தெரியும்?

அந்த நாள் வந்துச்சு. காலையில ஆட்டோவுல ஏறினேன். மேடம் கொடுத்த பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள வச்சேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே! இதுவரைக்கும் நீங்க கேட்டதெல்லாம் டிரெய்லர்! அவ எங்கே பிறந்தா? கட்டிக் கொடுத்த இடத்துல என்ன கஷ்டப்பட்டா? ஏன் மண்ணுக்குள்ள இறங்கினா? யாரைத் தேடிப் போறா? முழுக் கதையும் இன்னைக்கு, கல்யாண மண்டபத்துல! ஒரே ஒரு காட்சி! வீட்டுல உக்காந்தா காலுக்குக் கீழே போறதுதான் தெரியும். மண்டபத்துக்கு வந்தா ஏன் போறான்னு தெரியும்!"

பூட்டு மாட்டுற சத்தம் சார்! டக் டக் டக்குனு, தெரு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். பாய், விசிறி, வெத்தலைப் பெட்டி, அரக்கோணம் சொந்தக்காரங்க எல்லாம் மண்டபத்துக்குள்ளே. கல்யாணத்துக்குக் கூட அந்த மண்டபம் அப்படி நிறைஞ்சதில்லைன்னு வாட்ச்மேன் சொன்னான்.

ஆரம்பிச்சேன். ஜெர்மனியில ஒரு இரும்புப் பட்டறையில அவ பிறந்ததுலேர்ந்து ஆரம்பிச்சேன். முதல் பல் முளைச்சப்போ பட்டறைச் சுவரைத் தின்னுட்டா. கப்பல்ல வர்றப்போ நடுக்கடல்ல அழுதா, மண்ணே இல்லையேன்னு. கேப்டன் பூந்தொட்டியைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினாரு. ஜனங்க சிரிக்கிறாங்க, உச்சுக் கொட்டறாங்க, ஒரு அம்மா மூக்கைச் சிந்துது.

வாசல்ல மேடம் ஃபோனும் கையுமா நிக்கிறாங்க. ஒவ்வொரு வீடாப் பாத்துட்டு ஆளுங்க சொல்லிக்கிட்டே வர்றாங்க. கடைசியில மேடம் என்னைப் பாத்து ஒரே ஒரு விரலைக் காட்டினாங்க. ஒரு வீடு பாக்கி. எந்த வீடுன்னு கேக்கணுமா? மிஷின் அந்த வரிசைக்குப் பக்கத்துல வந்தாச்சு. முகத்துல சொட்டுச் சொட்டா வேர்வை அந்தப் பொண்ணுக்கு.

மில்லுல கரண்ட் இல்லை, சத்தம் இல்லை. அப்போ ஹாரன் சத்தம் அங்கே கேக்கும். ஹாரனை மில் பக்கமாத் திருப்பச் சொன்னேன். உண்மையா ஒரு வார்த்தை சொன்னா எழுந்து வரேன்னுதானே அந்தம்மா சொல்லிச்சு? சரி, வாழ்க்கையில ஒரு தடவை உண்மையைத்தான் சொல்லுவோமேன்னு முடிவு பண்ணினேன். எந்தப் பொம்பளைக்கும் மனசு இளகுற உண்மை.

"பெரியோர்களே! மிஷின் கதையைக் கொஞ்சம் நிறுத்துறேன். இந்தத் தெருவுல ஒரு தியாகி வாழ்ந்தார். ஆண்டாளம்மாவோட கணவர்! அந்த மில் கல்லை யாரு கொண்டுவந்தா? காஞ்சிபுரத்துலேர்ந்து தலையில சுமந்து அவர் கொண்டுவந்தார்! ஆண்டாளம்மா கை நோகக் கூடாதுன்னு ராப்பகலா அவரே அரைச்சார். பெண்டாட்டியைத் தவிர இன்னொரு பொம்பளை முகத்தை ஏறெடுத்துப் பாக்காத உத்தமர்! கடைசி மூச்சு போறப்போ கூட ஒரு மாவு மூட்டையைக் கட்டிப் பிடிச்சு, 'ஆண்டாளு, ஆண்டாளு'ன்னுதான்..."

மண்டபம் அப்படியே உறைஞ்சு போச்சு. ஒரு ஈ பறக்கலை. ஜோதி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டறான். அழுகையை அடக்கறான்னு நினைச்சேன். உருக்கமாப் பேசினா ஜனங்க அப்படித்தான் இருப்பாங்க.

அப்போ வாசல்ல மேடம் ஃபோன்ல கத்தறாங்க: "வெளிய வந்துட்டாங்க! பூட்டிட்டு வாறாங்க! போலாம், போலாம்!"

வந்துச்சு சார். முழங்கை வரைக்கும் கேழ்வரகு மாவு, இழுத்துச் சொருகின புடவை, கையில சல்லடை. கூட்டம் தானா ரெண்டா விலகிச்சு.

"எவன்டா தியாகி?"

நான் போட்டோவைச் சொன்னேன்.

"அது எங்கப்பன்யா! மில்லு எங்கப்பன் போட்டது! நான் கட்டிக்கிட்டது ஒரு நாளாவது ஒரு பிடி மாவை அள்ளியிருக்குமா? மில்லுக்குப் பெல்ட்டு வாங்கியாறேன்னு பையைத் தூக்கிட்டுப் போனவன்தான். கும்மிடிப்பூண்டியில வேற ஒருத்தியோட குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கான். இந்தத் தெருவுல பல்லு முளைச்ச அத்தனை பேருக்கும் தெரியும். உத்தமராம்! காஞ்சிபுரத்துலேர்ந்து தலையில சுமந்தாராம்! அவன் தலையில எண்ணெயைத் தவிர எதைய்யா சுமந்தான்?"

அவ்வளவுதான் சொல்லிச்சு. சொல்லிட்டு, சல்லடையைத் தட்டிக்கிட்டு, திரும்பி வீட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுது! மேடம் அங்கேயிருந்து கும்பிடறாங்க, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு. மிஷின் இப்பத்தான் மில்லுக்குக் கீழே நுழையுது. எனக்கா, முதல் தடவையா வாயில ஒரு வார்த்தை வரலை. நாலு தெரு கேக்க உண்மையைச் சொன்ன அதிர்ச்சி. அது உண்மை இல்லைன்னு தெரிஞ்ச அதிர்ச்சி வேற.

ஜோதிதான் காப்பாத்தினான். அவனுக்கு வாய்க் கொழுப்பு ஜாஸ்தின்னு சொன்னேன்ல?

"ஏன்க்கா, அவ்வளவுதானா? போனவனை நீ சும்மாவா விட்டே? நீயா?"

ஆண்டாளம்மா நின்னுச்சு. திரும்பிச்சு. மண்டபம் பூரா அந்த அம்மா முகத்தையே பாக்குது. அரக்கோணத்துக்காரங்க எட்டி எட்டிப் பாக்கிறாங்க. சாம்பார் சாதம் பரிமாறுறவன் கரண்டியைத் தூக்கினபடியே நிக்கிறான். அத்தனை முகம் நம்மையே பாத்துக்கிட்டு, அடுத்து என்னன்னு காத்துக்கிட்டு இருக்கிற அந்த நிமிஷம் இருக்குதே... எனக்குத் தெரியும் சார் அது. அந்தம்மாவுக்கு அதுதான் முதல் தடவை.

"சும்மா விடுவேனா?"ன்னுச்சு. நேரா வந்து என் கையிலேர்ந்து மைக்கை வாங்கிக்கிச்சு.

அடடா, என்ன கேட்டீங்க! மில்லுல கழட்டிப் போட்ட பழைய பெல்ட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கும்மிடிப்பூண்டி வரைக்கும் நடந்தே போயிருக்குது அந்தம்மா. இதைப் பாத்ததும் அந்தாளு பயந்து தென்னை மரத்து உச்சிக்கு ஏறிட்டானாம். இறங்குடான்னா இறங்கலை. பெல்ட்டை மரத்துல சுத்திப் போட்டு ஒரு இழுப்பு. மரம் பம்பரமாச் சுத்துச்சாம்! சுத்தின சுத்துல காய் எல்லாம் தெறிச்சு ஆந்திராவுல போய் விழுந்துச்சாம். அங்கே இப்போ ஒரு தோப்பே இருக்குதாம், வேணும்னா போய்ப் பாருங்கன்னுச்சு. எப்பேர்ப்பட்ட தைரியம்!

அந்தாளு தலை சுத்திக் கீழே விழுந்தது எங்கே? ஒரு மாவு வண்டியிலே. மூக்கு, வாய், காது எல்லாம் மாவு. அன்னைக்குப் பிடிச்ச தும்மல்தான், இன்னிக்கு வரைக்கும் நிக்கலையாம். ஒவ்வொரு தும்மலுக்கும் வெள்ளையா ஒரு குத்து மாவு வெளியே வருதாம். அந்த இன்னொருத்தி ஒரு சட்டியை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்து பிடிச்சு, அதுலதான் தோசை வார்க்கிறாளாம்!

நான் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன் சார். மைக் பிடிச்ச நாள்லேர்ந்து நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கேன். இப்படி ஒண்ணை என்னால கட்டியிருக்க முடியுமா? முடியாது. ஏன்னா இது நடந்தது. அந்தம்மா வாயிலதான் பொய்யே வராதே.

ஜனங்க சிரிச்சு உருள்றாங்க. சாயங்கால வெயில் மண்டபத்துக்குள்ளே வந்தாச்சு. மேடம் தொப்பியைக் கழட்டி மேலே வீசிக்கிட்டு ஓடி வந்தாங்க. "தாண்டிருச்சு! மிஷின் தாண்டிருச்சு! ஒரு வீட்டுக்கும் ஒண்ணும் ஆகல!"

"ஷ்ஷ்ஷ்!"னு மொத்த மண்டபமும் அதட்டுச்சு. "உக்காரும்மா, அங்கே தும்மிக்கிட்டு இருக்கான்!"

சுவர்ல ஒரு கீறல் இல்லை. ஒரு சுண்ணாம்புத் துணுக்கு உதிரலை. கரண்ட் வந்துச்சு, மில் ஓடிச்சு, ஞாயித்துக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்க. எனக்கு முதல் சொம்பு. நானும் ரெண்டு சொம்பு கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

ஆனா மறுநாள் தெருவே திரண்டு வந்து மேடம்கிட்ட நிக்குது. இனிமே ஆண்டாளம்மாதான் அறிவிக்கணுமாம். மைக் அங்கே போயிடுச்சு. எனக்கு வருத்தம்னு நினைக்காதீங்க. ஆட்டோ பின்னால நின்னு ஹாரனை எந்தப் பக்கம் திருப்பணும்னு பாக்கிற பொறுப்பு எனக்குக் கொடுத்தாங்க. அதுக்கு அனுபவம் வேணும். சாப்பாடுதான் அந்த ரெண்டு நாளும் இறங்கலை.

ஆண்டாளம்மா மைக்கைப் பிடிச்சா எப்படித் தெரியுமா? "நாளைக்குக் காலையில தண்ணி வராது. பிடிச்சு வச்சுக்கோங்க." முடிஞ்சுது. ஜனங்க வாசல்ல வந்து நின்னு, "அப்புறம்?"னு கேக்கிறாங்க. "அப்புறம் என்ன, சாயங்காலம் வரும்." மேல சொல்ல அந்தம்மாவுக்கு ஒண்ணும் தோணலை. வேர்த்து ஒழுகுது. மண்டபத்துல அவ்வளவு பேசினவங்கதான். நடந்ததைச் சொல்றது வேற, அறிவிக்கிறது வேற சார்.

ரெண்டு நாள் பாத்துச்சு. மூணாவது நாள் இந்தப் பொட்டிக்குள்ளே வந்து மைக்கை என் மடியில போட்டுச்சு. "யோவ், நீயே பேசு. நான் கூட வரேன். நீ அடிக்கிற ஒவ்வொரு புளுகையும் அங்கேயே திருத்துவேன். சரியா?"

இப்போ அப்படித்தான் போறோம். நான் யானைங்கிறேன், அவங்க மிஷின்யாங்கிறாங்க. லாரி ராஜ நடையில வரும்ங்கிறேன், எட்டு மணிக்கு மேல பள்ளிக்கூட வாசல் வழியா வரும், பிள்ளைங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போங்கங்கிறாங்க. அறிவு இருக்குதாய்யாங்கிறாங்க, ஹாரன்லயே! எங்க சண்டையைக் கேக்க தெருவே வாசலுக்கு வந்துடும். எது எப்போ மூடும், எது எப்போ திறக்கும்னு இப்ப இந்த வட்டாரத்துல தெரியாத ஆளே இல்லை. மேடம் எழுதித் தர்றதை நிறுத்திட்டாங்க. ஆண்டாளம்மாகிட்ட நேராச் சொல்லிடறாங்க.

உங்க வீட்டைக் காலி பண்ணணுமான்னுதானே கேட்டீங்க? உங்களது புதுக் கட்டடம்னா வேணாம், பழைய சுண்ணாம்புக் கட்டடம்னா அந்த ஒரு பகல் மட்டும். இது ஆண்டாளம்மா சொன்னது, அதனால தைரியமா நம்பலாம்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை நான் லீவு. கும்மிடிப்பூண்டி வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேன். ஆண்டாளம்மாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. அந்த மனுஷன் அங்கேயேதான் இருக்கானா, திரும்பி வர்ற எண்ணம் கிண்ணம் ஏதாவது இருக்குதான்னு பாக்கத்தான் தாத்தா போறாருன்னு ஜோதி தெரு பூரா சொல்லிட்டுத் திரியறான். அவன் எது சொன்னாலும் நம்பாதீங்க. எனக்கு அதுல என்ன வந்துச்சு? அந்தாளு தும்மறப்போ நிஜமாவே மாவு வருதான்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடணும், அவ்வளவுதான்.

வரும். அந்தம்மா சொன்னா வரும். வரலைன்னாலும், வந்துச்சுன்னுதான் நான் வந்து சொல்லப் போறேன்.